பன்னிரண்டு சிப்பாய்கள்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர் வீட்டில், எத்தனை முறை வீடு மாற்றினாலும் கைவிடாத பெட்டி ஒன்று இருக்கும். ஒரு வீட்டில் அது பாட்டியின் வெண்கலப் பாத்திரங்களாக இருக்கலாம். வேறொரு வீட்டில் கொலுப் பொம்மைகளாக இருக்கலாம். நமது வீட்டிலோ அது பலாப்பலகையால் செய்த ஒரு சிறு பெட்டி. அதனுள்ளே பழைய பருத்தித் துணியில் சுற்றிய பன்னிரண்டு ஈயச் சிப்பாய்கள் இருந்தன. அவற்றைச் செய்தவர் நமது தந்தையார். அவற்றோடு விளையாடி வளர்ந்தவர் நாம். அவற்றால் நமது மகனுக்கு நேரவிருந்த தீங்கையும், அத்தீங்கினின்று நாம் கற்ற பாடத்தையும் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பது கடமை என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். நாம் மெட்ரிக் வரை மட்டுமே படித்து, ரயில்வேயில் கடைநிலைப் பணியாளராகச் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனவர். சொற்குற்றம் இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

நமது இருப்பிடம் மேல்கோட்டை. மைசூருக்கு வடக்கே, மாண்டியா மாவட்டத்தில், குன்றின்மேல் அமைந்த ஊர். இராமாநுசர் வந்து தங்கிய காலமுதல், தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் திருநாராயணபுரம் இதுவே. தந்தையார் ரயில்வே பட்டறை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றபின், கலியாணிக் குளக்கரையில் காலையில் நடக்கலாம், மாலையில் கோயிலுக்குப் போகலாம் என்று இவ்வூரில் வந்து அமர்ந்தார். அவரை விட்டுப் பிரிய மனமின்றி நாமும் துணைவியாருடனும் மகனுடனும் இங்கேயே குடியேறினோம். நாள்தோறும் பேருந்தில் இறங்கிச் சென்று ரயில் நிலையத்தில் வேலை பார்க்கிறோம்.

சிப்பாய்களுக்கும் இந்த நாட்டுப்புறத்துக்கும் தொடர்பு உண்டு. இக்குன்றின் கீழே உள்ள பாண்டவபுரத்திற்கு ஆங்கிலேயர் காலத்தில் பிரெஞ்சு ராக்ஸ் என்று பெயர். ஹைதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் துணைநின்ற பிரெஞ்சுப் படையினர் அங்கே பாசறை அமைத்திருந்தமையால் வந்த பெயர் அது. அதற்கடுத்து ஸ்ரீரங்கபட்டணம். 1799ஆம் ஆண்டில் அக்கோட்டை வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கைப்பற்றிய பொருள்களுள் ஒன்று, வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனைப் புலி வீழ்த்திக் கிடப்பதாகச் செய்த பெரிய மரப்பொம்மை. வண்ணம் தீட்டிய மரத்தினால் ஆனது. உள்ளே காற்றுத் துருத்தியும் குழல்களும் உண்டு. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், சிப்பாய் ஓலமிடுவான். அது இன்று இலண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இக்கதையைச் சொல்லிச் சொல்லியே தந்தையார் நமக்குச் சிறுவயதில் சிப்பாய் ஆசையை ஊட்டினார். ஆசையை ஊட்டியவர், கடையில் வாங்கித் தரக் காசு இல்லாமையால், தாமே செய்து தந்தார்.

அவர் செய்த முறையைச் சொல்லுகிறோம். மைசூர்ச் சீமையில் மாக்கல் எளிதில் கிடைக்கும். கத்திக்கு இணங்கும் மென்மையும் சூட்டைத் தாங்கும் வலிமையும் அதற்கு உண்டு. அக்கல்லில் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி தேய்த்து, ஒரு துண்டில் சிப்பாயின் முன்புறத்தையும் மறு துண்டில் பின்புறத்தையும் குடைந்தார். ஈயம் இறங்க ஒரு வாயும், காற்று வெளியேற நுண்ணிய வழிகளும் கீறினார். இவ்வளவுக்கும் ஒரு மாதம் ஆயிற்று. பின்பு பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஈயத்தைக் கொல்லைப்புறத்துக் கரியடுப்பில் இரும்புக் கரண்டியில் உருக்கி வார்த்தார். "அச்சில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் வெடித்துச் சிதறும், எட்டி நில்" என்று எச்சரிப்பார். நாமோ ஒரு முழத் தொலைவில் குந்தியிருந்து புகையையும் ஈயத்தின் பளபளப்பையும் பார்த்துக்கொண்டிருப்போம். எந்த எச்சரிக்கை வேண்டுமோ அதை அவர் சொன்னார். எது இன்னும் பெரிய கேடோ அது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

முதலில் வார்த்த சிப்பாய்களின் வாள் ஒரு நாளிலே வளைந்தது. தனி ஈயம் அவ்வளவு மெதுவானது. பட்டறையில் தாங்கிகளுக்கு வெண்ணுலோகம் வார்த்த பழக்கம் தந்தையாருக்கு உண்டு. ஆகையால் குறை எங்கே என்று அவருக்கு விளங்கிற்று. அந்நாளில் மைசூரில் அச்சகங்கள் ஈய எழுத்துகளைக் கைவிட்டுப் புதுமுறைக்கு மாறிக்கொண்டிருந்தன. தேய்ந்த கன்னட எழுத்துகள் பழைய சாமான் கடைக்கு எடைக்கு வந்தன. அச்செழுத்து வார்க்கும் உலோகத்தில் ஈயத்தோடு ஆண்டிமனியும் சிறிது வெள்ளீயமும் கலந்திருக்கும். ஆண்டிமனி ஈயத்தைக் கடினமாக்கும். உறையும்போது உலோகம் சுருங்கி அச்சின் விளிம்பை விட்டு விலகாதபடியும் காக்கும். எழுத்துக்குக் கூர்மை வேண்டும் என்று சேர்த்த பொருளே, சிப்பாயின் மூக்குக்கும் மீசைக்கும் கூர்மை தந்தது. இவ்வாறு ஒரு மொழியின் எழுத்துகள் உருகி நமது பன்னிரண்டு சிப்பாய்கள் ஆயின. சிவப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, வெள்ளைக் கச்சை என்று எண்ணெய்ச் சாயம் பூசினார். அவ்வாண்டு நவராத்திரியில், பண்ருட்டியிலிருந்து நம் தாயார் கொண்டுவந்திருந்த பேண்டு வாத்தியப் பொம்மைகளுக்கு முன்னால் அவை அணிவகுத்து நின்றன. அண்டை வீட்டுக் கன்னடச் சிறுவர்கள் கொம்பெ ஹப்பத்துக்குத் தங்கள் வீட்டிலும் சிப்பாய் வேண்டும் என்று அழுததும் நமக்கு ஞாபகம் இருக்கிறது.

தந்தையார் தாமே கண்டுபிடித்ததாக எண்ணிய இம்முறை உலகில் பழையது என்பதைப் பின்னாளில் படித்தறிந்தோம். ஜெர்மனி தேசத்து நியூரம்பர்க் நகரில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹில்பர்ட் என்னும் குடும்பத்தார் பலகைக்கல்லில் அச்சுக் குடைந்து, வெள்ளீயத்தில் தட்டைச் சிப்பாய்களை வார்த்து விற்றனர். காகிதம் போல் மெல்லியவை அவை. பக்கவாட்டில் பார்த்தால்தான் சிப்பாய், நேரே பார்த்தால் ஒரு கோடு. பிறகு முழு உருவச் சிப்பாய்கள் ஈயக் கலவையில் வந்தன. அவை கனமானவை, கனத்தால் விலையும் மிகுந்தவை. 1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பார் ஒரு தந்திரம் கண்டார். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் உறைந்தவுடன் நடுவில் உள்ளதைத் திரும்பக் கொட்டிவிட்டார். உள்ளே கூடான சிப்பாய் கிடைத்தான். உலோகச் செலவு குறைந்தது, விலை இறங்கிற்று, ஏழைச் சிறுவனுக்கும் படை எட்டிற்று. 54 மில்லிமீட்டர் உயரமுள்ள அச்சிப்பாய்களில் நம் நாட்டுப் படைப்பிரிவுகளின் தலைப்பாகைச் சிப்பாய்களும் இருந்தனர்.

இவை சிறுவர் விளையாட்டோடு நிற்கவில்லை. 1913இல் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர், பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்திப் போர் நடத்தும் விதிகளை ஒரு சிறு நூலாக எழுதினார். கூடத்துத் தரையே போர்க்களம், மரக்கட்டைகளே வீடுகள், வில் வைத்த பொம்மைப் பீரங்கியே ஆயுதம். மெய்யான போரின் அறிவின்மையை உணர்த்த இவ்விளையாட்டே போதும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது. சதுரங்கத்தில் காலாளையும் யானையையும் குதிரையையும் நகர்த்தக் கற்ற நம் நாட்டார்க்கு இத்தகைய விளையாட்டு புதிதன்று. மைசூர் மன்னர் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் புதிய புதிய பலகை ஆட்டங்களை வகுத்து மகிழ்ந்தவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

நிற்க. நமது மகனின் கதைக்கு வருவோம். அவனுக்கு ஐந்து வயது நிறைந்த அன்று, தந்தையார் பலாப்பெட்டியைத் திறந்து, "உன் அப்பனுக்குச் செய்தவை, இனி உனக்கு" என்று அவன் மடியில் வைத்தார். அவனுக்கு உண்டான களிப்பைச் சொல்லி முடியாது. பங்குனியில் வைரமுடி உற்சவத்தின்போது மாண்டியாக் கருவூலத்திலிருந்து முடியைப் போலீஸ் காவலோடு கொண்டுவருவது இவ்வூர் வழக்கம். அந்த ஊர்வலத்தைக் கண்டவன் ஆதலால், பன்னிரண்டு சிப்பாய்களையும் வரிசையாக நிறுத்தி, ஒரு தீப்பெட்டியை வைரமுடிப் பெட்டி என்று வைத்து, நாள்முழுதும் ஊர்வலம் நடத்தினான். இரவில் இரண்டு சிப்பாய்கள் அவன் தலையணைக்குக் கீழே உறங்கினர்.

இரண்டு மாதம் சென்றது. ஒருநாள் துணைவியார், அவன் விரல்களில் வெள்ளைப்பொடி படிந்திருப்பதைக் கண்டார். கோலமாவு என்றே முதலில் எண்ணினாராம். பிறகுதான் அப்பொடி சிப்பாய்களின் கால்களிலும் சாயம் உரிந்த இடங்களிலும் பூத்திருப்பதையும், பிள்ளை ஒரு சிப்பாயின் தொப்பியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். நாம் வேலையிலிருந்து திரும்பியதும், "இது என்ன பொடி என்று தெரியாமல் இனி ஒரு நாளும் இதை அவன் கையில் தரமாட்டேன்" என்றார். நாம் அன்று சிரித்தோம். அச்சிரிப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அவருடைய வற்புறுத்தலின் பேரில் மைசூரில் ஒரு குழந்தை மருத்துவரிடம் சென்றோம். பிள்ளை நன்றாக ஓடியாடுகிறானே, நோய்க்குறி ஒன்றும் இல்லையே என்றோம். மருத்துவர் சொன்னார்: "அதுதான் இதன் வஞ்சகம். சிறிதளவு ஈயம் உடலில் சேர்ந்தால் வெளியில் ஒன்றும் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனால் வளரும் மூளையில் கவனத்தையும் கற்கும் திறனையும் அது அரிக்கும். போனது பிறகு திரும்புவதில்லை." இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம் என்று விடை வந்தது. 5 மைக்ரோகிராம் அளவை எட்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நீக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உண்மையில் கேடு விளைக்காத அளவு என்று ஒன்று ஈயத்திற்குக் கிடையாது என்பதும் அந்நிறுவனத்தின் கூற்றே. உட்கொண்ட ஈயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப் போல் நான்கைந்து மடங்கு சிறு குழந்தையின் உடல் ஏற்கும் என்றும் அறிந்தோம்.

அந்த வெள்ளைப்பொடியின் காரணத்தை நாம் பின்னர்த் தேடிப் படித்தோம். ஈயத்திற்குக் காடியின் ஆவி ஆகாது. சிலவகை மரங்கள், அட்டைகள், பலகை ஒட்டும் பசைகள் ஆகியவை காடிப் புளிப்பின் ஆவியை நாள்தோறும் சிறிது சிறிதாக விடும். மூடிய பெட்டிக்குள் அவ்வாவியும் ஈரக்காற்றும் சேர்ந்து ஈயத்தை அரித்து வெள்ளைப்பொடி ஆக்கும். முற்காலத்தில் வெள்ளைச் சாயம் செய்யக் காடிச் சட்டியின்மேல் ஈயத் தகடுகளை அடுக்கி மூடி வைப்பார்களாம், அதுவே இது. அருங்காட்சியகங்களில் ஈயப்பொருள்களை மரப்பேழையில் வைக்க அஞ்சுவதும் இதனாலேயே. நாம் கண்ணெனக் காத்த பலாப்பெட்டிதான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உள்ளிருந்தவற்றை நஞ்சுப்பொடி ஆக்கிக்கொண்டிருந்தது. பூசியிருந்த பழைய சாயத்திலும் ஈயம் இருந்திருக்கக் கூடும். வீட்டுச் சாயங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

இந்த இடத்தில் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பை நினைத்து அஞ்சவேண்டா. நம் மொழியில் இரண்டு ஈயங்கள் உண்டு. ரசச் சொம்புக்கும், பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசவும் உரியது வெள்ளீயம், 232 பாகைச் சூட்டில் உருகும், சமையலுக்கு ஆகும். சிப்பாய்க்கும் தூண்டில் குண்டுக்கும் வண்டி மின்கலத்துக்கும் உரியது காரீயம், 327 பாகையில் உருகும், நஞ்சு. ஆயினும், விலை மலிவு கருதி வெள்ளீயத்தில் காரீயம் கலப்போரும் உண்டு ஆகையால், சொம்பு வாங்குமிடம் நம்பிக்கைக்கு உரியதாக இருத்தல் வேண்டும். அடுப்பில் வெறுஞ்சொம்பாகக் காய்ந்தால் உருகிவிடும் என்று நம் பாட்டிமார் சொன்னது எவ்வளவு சரியானது பாருங்கள்.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையில் எழுதக் கடினமான பகுதி. இச்செய்தியைத் தந்தையாரிடம் யார் சொல்வது? துணைவியார், "மாமா மனம் நோகும், நீங்களே பதமாகச் சொல்லுங்கள்" என்றார். சொன்னோம். முதலில் அவர் ஒப்பவில்லை. "நீ இவற்றோடு விளையாடித்தானே வளர்ந்தாய்? உனக்கு என்ன ஆயிற்று? நானே உலைக்களத்தில் முப்பது ஆண்டு நின்றவன்" என்றார். சோதனைத் தாளைக் கையில் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்து திண்ணைக்குப் போனார். நான்கு நாள் அவர் சரியாக உண்ணவில்லை. பேரன் "தாத்தா, சிப்பாய் எங்கே?" என்று கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் இரவு, நாம் தனியே இருக்கும்போது அருகில் வந்து அமர்ந்தார். "உன் தங்கை பட்டம் வாங்கினாள். உன்னை மட்டும் எவ்வளவு முயன்றும் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவைக்க முடியவில்லை. புத்தகத்தை எடுத்தால் ஒரு நாழிகை உட்காரமாட்டாய். சோம்பேறி என்று உன்னை அடித்திருக்கிறேன். இப்போது நினைக்கிறேன், உன் படிப்பைக் கெடுத்தது நான்தானோ? என் கையால் நானே செய்து கொடுத்தேனோ?" என்றார். குரல் தழுதழுத்தது.

அதற்கு என்ன விடை சொல்வது? இல்லை என்று உறுதி கூற நம்மால் இயலாது. ஆம் என்று சொல்லவும் சான்று இல்லை. அன்று நம் இரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை. "அப்பா, படிப்பு ஏறாததற்கு நூறு காரணம் இருக்கும். மூன்று பள்ளி மாறினோம், கன்னடத்தில் பாடம், வீட்டில் தமிழ். விளையாட்டில் ஆசையும் மிகுதி. அதில் ஈயத்தின் பங்கு எவ்வளவு என்று கடவுளுக்கே தெரியும். ஆனால் அந்தச் சிப்பாய்களைச் செய்ய நீங்கள் ஒரு மாதம் இராத்தூக்கம் விழித்தது நமக்குத் தெரியும். தெரியாமல் செய்ததில் குற்றம் இல்லை. தெரிந்தபின் செய்யாமல் விடுவதே நம் கடன்" என்றோம். அவர் நமது தலையில் கையை வைத்தார். சிறுவயதில் அவர் அடித்த அடிகள் அனைத்தும் அந்தக் கையில் கரைந்தன என்றே சொல்லவேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தந்தையாரையும் மகனையும் அழைத்துக்கொண்டு ரயிலில் சென்னபட்டணா சென்றோம். நம் சென்னப் பட்டணம் அன்று. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையில் உள்ள பொம்மை ஊர். திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர் வந்து கற்பித்த தொழில் என்பது அங்கே வழங்கும் செய்தி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய முறைகளைக் கொண்டுவந்து இத்தொழிலை வளர்த்த பாவாஸ் மியான் என்பாரை அவ்வூரார் இன்றும் போற்றுகின்றனர். அங்கே பயன்படும் மரம், கன்னடத்தில் ஆலெ மரம் எனப்படும்; நம் தமிழில் வெட்பாலை. தந்தம் போல் வெளுத்த, நுண்ணிய இழைகொண்ட மெல்லிய மரம். அதை நன்றாக உலர்த்தி, கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு உளியால் கடைகிறார்கள். கடைந்தபின், வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மீது அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகிடுகிறார்கள். மஞ்சள் முதலிய தாவர வண்ணங்களைக் கொண்டே வேலை செய்பவரும் அங்கு உண்டு. சாயம்போல் உரிவதும் இல்லை, பொடிவதும் இல்லை.

தந்தையார் அந்தக் கடைசல்காரரிடம் நின்று ஒரு மணி நேரம் பேசினார். கையில் தொழில் உள்ளவர்களுக்கு மொழி ஒரு தடை அன்று. உளியின் சாய்மானம், அரக்கின் பதம், மரத்தின் ஈரம் என்று இருவரும் ஆழ்ந்துவிட்டனர். நான்கு மரச் சிப்பாய்கள் வாங்கினோம். திரும்பும் வழியில் தந்தையார் மெல்லச் சொன்னார்: "நமது ஊரில் மரப்பாச்சியைச் செம்மரத்தில் செய்தார்கள். குழந்தை வாயில் வைக்கும் என்று தெரிந்தே அந்த மரத்தைத் தேர்ந்தார்கள். நான் பட்டறைக்காரன், உலோகத்தைத் தவிர வேறு நினைவு எனக்கு வரவில்லை."

வீட்டுக்கு வந்த மறுநாளே அவர் புதிய மாக்கல் ஒன்றைத் தேடிப் பிடித்தார். பழைய அச்சில் ஈயம் ஊறியிருக்கும் என்று அதைத் தொடவில்லை. புதிதாகச் சிப்பாய் உருவம் குடைந்தார். இம்முறை அடுப்பும் இல்லை, ஈயமும் இல்லை. பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்த கூழ், சலித்த மரத்தூள், புளியங்கொட்டைப் பசை இவையே பொருள்கள். ஆந்திரத்துக் கொண்டபல்லியில் மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் கலந்து பொம்மைகளின் மூட்டுகளைப் பொருத்துவர். நம் பண்ருட்டிப் பக்கத்தில் காகிதக்கூழ் பொம்மை செய்வது வழக்கம். ஜெர்மனியில் ஹவுஸர் நிறுவனத்தார் மரத்தூளையும் பசையையும் கம்பிக் கூட்டின்மேல் அழுத்தி இலாஸ்டோலின் என்னும் பெயரில் சிப்பாய்கள் செய்து விற்றனர். ஈரம் ஏறினால் உள்ளே கம்பி துருப்பிடித்து உடல் வெடிக்கும் என்பதே அவற்றின் குறை. இதைத் தந்தையாரிடம் படித்துக் காட்டினோம். "கம்பி எதற்கு? மூங்கில் ஈர்க்கு வைத்தால் போகிறது" என்றார். அவ்வாறே செய்தார். பேரன் கூழ் பிசைந்தான். இருவர் கையும் ஒரே சட்டியில் இருந்தன.

உலகமும் ஏறக்குறைய இதே வழியைத்தான் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிளாஸ்டிக் வந்தது. பிரிட்டன் நிறுவனத்தார் 1966இல் ஈயச் சிப்பாய் செய்வதை நிறுத்தினர். வளையும் பாலித்தீன் சிப்பாய்கள் மலிவாகக் குவிந்தன. அவற்றில் சாயம் ஒட்டாது, நாளடைவில் முறியும். ஒட்டிச் சேர்க்கும் பாலிஸ்டைரின் உருவங்கள் நுண்மையில் சிறந்தன. இன்று போர் விளையாட்டுக்கு உருவம் செய்வோர் ஈயம் நீக்கிய வெள்ளீயக் கலவையையும், பிசினையும், கணினி அச்சையும் கையாளுகின்றனர். நம் நாட்டிலும் 2021 ஜனவரி முதல் நாள் தொட்டு, விற்கப்படும் விளையாட்டுப் பொருள்களுக்குத் தர முத்திரை வேண்டும் என்னும் ஆணை நடைமுறையில் உள்ளது. பதிவு பெற்ற கைவினைஞருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பழைய பெட்டிகளுக்குள் இருப்பதை எந்த ஆணையும் திறந்து பார்ப்பதில்லை; அதை நாம்தான் பார்க்கவேண்டும்.

மூன்று மாதம் கழித்து மகனுக்கு மறுபடியும் இரத்தம் சோதித்தோம். 5 என்று வந்தது. இன்னும் குறையும் என்று மருத்துவர் தேற்றினார். கீரை, கேழ்வரகு, பயறு, நெல்லிக்காய் என்று இரும்பும் சுண்ணாம்பும் உள்ள உணவைத் தவறாமல் கொடுக்கச் சொன்னார். அவை குறைந்த உடலில் ஈயம் எளிதில் ஏறுமாம். கேழ்வரகுக் களிக்குப் பெயர்போன மாண்டியாச் சீமையில் இருந்துகொண்டு, மகனுக்கு ரொட்டியும் ஜாமும் கொடுத்து வந்த நமக்கு இதுவும் ஒரு பாடமே.

பழைய பன்னிரண்டு சிப்பாய்களை என்ன செய்வது என்று வீட்டில் ஆலோசனை நடந்தது. எடைக்குப் போட்டால் வேறொரு வீட்டுக் கொல்லையில் வேறொரு தகப்பன் உருக்குவான். புதைத்தால் மண்ணில் சேரும். உருக்கி அழிக்கத் தந்தையாருக்கே கை வரவில்லை; வந்தாலும் அதன் புகை ஆகாது. இறுதியில் ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடிப் புட்டி ஒன்றில் இட்டு, இறுக மூடி, மேலே "காரீயம், குழந்தைகள் தொடலாகாது" என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, உயரப் பரண்மேல் வைத்தோம். பலாப்பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்தோம். அதனைத் துணைவியார் எப்பணிக்கும் உதவவொட்டாமல் புறக்கடைக்கு அனுப்பிவிட்டார்.

சென்ற நவராத்திரியில் கொலுப்படியின் கீழ்த்தட்டில் பேண்டு வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நான்கு வெட்பாலைச் சிப்பாய்களும் எட்டுக் காகிதக்கூழ்ச் சிப்பாய்களும் நின்றனர். ஆகப் பன்னிரண்டு. கூழ்ச் சிப்பாய்களுள் இருவருக்கு மூக்குச் சப்பை. ஒருவன் சாய்ந்தே நிற்பான். மகன் அவனுக்குத்தான் தளபதிப் பட்டம் கொடுத்திருக்கிறான். காரணம் கேட்டால், "அதைச் செய்தது நான்" என்கிறான்.

இவ்வூர்ச் செல்வப்பிள்ளையின் கதை அன்பர்கள் அறிந்ததே. டில்லிக்குச் சென்ற திருமேனியைச் சுல்தானின் மகள் பொம்மையாகக் கொண்டு விளையாடினாள் என்றும், இராமாநுசர் பிள்ளையாய் அழைக்க அவர் மடியில் வந்து அமர்ந்தார் என்றும் பெரியோர் சொல்வர். ஒரு குழந்தையின் கையில் இருப்பது எதுவாயினும் அது அக்குழந்தைக்கு உயிருள்ளது. முத்தமிடும், மடியில் வைக்கும், வாயிலும் வைக்கும். ஆகையால் அக்கையில் நாம் வைக்கும் பொருள் இன்னதென்று அறிந்து வைத்தல் பெற்றோர் கடமை.

சங்கத்துக் குடும்பங்களுக்கு நமது வேண்டுகோள் சிறிதே. ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளை இந்த மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய ஈயப் பொம்மை, தூண்டில் குண்டு, சாயம் உரியும் பழைய விளையாட்டுப் பொருள் இருப்பின் குழந்தைக்கு எட்டாத இடத்தில் மூடி வையுங்கள். வெள்ளைப்பொடி கண்டால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பொடி பறக்கும், ஈரத்துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிடுங்கள். உண்ணுமுன் பிள்ளைகளின் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஐயம் இருந்தால், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று நாம் சிரித்ததுபோல் சிரிக்காமல், மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் முதியவர் எவரேனும் அன்பினால் செய்து தந்த பொருள் அதுவாக இருந்தால், அவரிடம் சொல்லும்போது மட்டும் சற்று மெதுவாகச் சொல்லுங்கள். பொருளில்தான் குற்றமே ஒழிய, அதைச் செய்த கையில் இல்லை.